பையனின் மூக்குக் கட்டி: எண்டோஸ்கோப்பா, திறந்த அறுவையா?

பாம்பன், மண்டபம் பக்கம் பையனுக்குச் சில்லுமூக்கு உடைந்தால் சூடு என்று இளநீரைக் கொடுத்து விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் சரிதான். ஆனால் 10 வயதைத் தாண்டிய பையனுக்கு ஒரே பக்கம் மூக்கடைத்து, அதே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தம் கொட்டினால், ஆஞ்சியோஃபைப்ரோமாவா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். புற்றுநோய் இல்லை, ஆனால் ரத்தக்குழாய் பின்னிய கட்டி, மண்டையோட்டின் அடிப்பகுதி வரை பரவும். கிள்ளினால் ரத்தம் கொட்டும் என்பதால்தான் சதையைக் கிள்ளிப் பரிசோதிக்காமல் ஸ்கேனிலேயே கண்டுபிடிக்கிறார்கள்.

எண்டோஸ்கோப் என்றால் மூக்குத் துவாரம் வழியாகவே கேமராவை விட்டு எடுப்பது. முகத்தில் தழும்பு கிடையாது, ரத்த இழப்பு குறைவு, வளரும் முக எலும்புக்கும் தொந்தரவு குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். சிறிய, நடுத்தரக் கட்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

திறந்த அறுவையில் மேலுதட்டின் உள்பக்கமோ மூக்கோரமோ கீறி எலும்பை விலக்குவார்கள். வலி, வீக்கம் கூடுதல்தான். ஆனாலும் கன்னத்தின் ஆழத்துக்கோ மூளைப் பக்கமோ போன பெரிய கட்டிக்குச் சில சமயம் இதுதான் வழி, அப்போது தழும்புக்குப் பயந்து மறுக்காதீர்கள்.

எதுவானாலும், அறுவைக்கு 1 முதல் 3 நாள் முன்பு கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் வசதி அங்கே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அப்புறம், கட்டி மறுபடி வளரலாம். மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் ஸ்கேன் எடுப்பதை விட்டுவிடாதீர்கள்.