உருளைக்கிழங்குக்குள் பழுப்புப் பிறை: மாப்-டாப்பா, ராட்டிலா?

பினாங்கு சவ்ராஸ்தா பாசாரில் வாங்கிய உருளைக்கிழங்கை நறுக்கும்போது, சதைக்குள் பிறை பிறையாகப் பழுப்புக் கோடுகள் தெரிகின்றனவா? மண்வழி வைரஸ்கள் இரண்டைச் சந்தேகிக்கலாம்: மாப்-டாப், டொபாக்கோ ராட்டில். சாப்பிட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது, கோடுள்ள பகுதியைச் சீவிவிட்டுச் சமைக்கலாம். முளைவிட்டதைத் தொட்டியில் நடுவதுதான் வினை.

கோடு ஒரே மாதிரி, சுமந்து வருவதோ வேறு வேறு. மாப்-டாப்பைக் கொண்டுவருவது, கிழங்கின் தோலில் பொடிச்சொறி நோயை உண்டாக்கும் ஸ்பொங்கோஸ்போரா என்னும் மண் நுண்ணுயிரி. ஈர மண்ணில் நீந்திப்போய் வேருக்குள் புகும். அதன் உறங்குவித்து (உறக்கநிலையில் இருக்கும் நுண்வித்து) பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் கிடக்கும், வைரஸும் அதற்குள்ளேயே இருக்கும். மூன்று நான்கு ஆண்டுப் பயிர்ச்சுழற்சி இதனிடம் எடுபடாது.

ராட்டிலைப் பரப்புவது வேர்நுனியைக் குத்தி உறிஞ்சும் நூற்புழு. மணற்பாங்கான நிலம் அதற்குப் பிடிக்கும். தோலுரிக்கும்போது வைரஸை இழந்துவிடும், முட்டைக்கும் கடத்தாது. பிறகு எப்படி நிலத்தில் வைரஸ் தங்குகிறது? களைகளில்தான். மணத்தக்காளி இனத்துச் செடிகளும் அதற்கு இடம் கொடுக்கும். அமெரிக்காவின் வடமேற்கில் குதிரைமசால் என்னும் தீவனப்பயிரைக் களையே இல்லாமல் வளர்த்து ராட்டிலை அடக்குகிறார்கள். களையை விட்டுவைத்தால் அந்த உழைப்பெல்லாம் வீண். நூற்புழுக்கொல்லியும் ராட்டிலுக்குக் கைகொடுக்கும், மாப்-டாப்புக்கு உதவாது.

கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். மாப்-டாப் கோடுகள் கிடங்கின் வெப்பம் ஏறி இறங்கும்போதும் தோன்றும், அதனால் அறுவடையில் சுத்தமாக இருந்த மூட்டை பின்னால் கெடலாம். ஆய்வகத்திலும் ஒரு பொறி உண்டு: ராட்டிலின் சில வகைகளுக்குப் புரத உறையே கிடையாது, அந்த உறையைத் தேடும் எலிசா சோதனை அவற்றைக் காட்டாது. வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை வேண்டும்.

பீட்ரூட் பக்கம் இதேபோல் மண்வழி வரும் வைரஸ் நோய் ரைசோமேனியா. ஆணிவேர் சிறுத்து, சல்லிவேர் தாடிபோல் அடரும். வைரஸைச் சுமப்பது பாலிமிக்ஸா என்னும் மண் நுண்ணுயிரி, அதுவும் நீண்டகாலம் மண்ணில் உறங்கும். சர்க்கரைப் பீட்டில் இதை ஆர்இசட்1 என்னும் எதிர்ப்பு மரபணு கொண்ட ரகங்களால் சமாளிக்கிறார்கள்.

ஸ்பொங்கோஸ்போராவுக்குக் குளிர்ந்த ஈரமண் வேண்டும், பினாங்கின் வெப்பம் அதற்கு ஒத்துவராது. மண் ஒட்டிய கிழங்கைக் குளிர்ந்த கேமரன் மலைக்கு எடுத்துப்போய் நடுவதே பெரிய ஆபத்து. ஏற்கெனவே தொட்டியில் நட்டிருந்தால் செடியையும் மண்ணையும் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். தொட்டியைக் கழுவிய தண்ணீரைப் பாத்தியில் ஊற்றாதீர்கள், வித்து தண்ணீரோடு போய்விடும்.