தங்க வேட்டை ஊர்களுக்குச் செயலி போட்ட திட்டம்: ஒன்றரை நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஒன்றரை நட்சத்திரம் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்த செயலிக்கு மட்டும்தான். கலிபோர்னியாவின் 49-ஆம் நெடுஞ்சாலைக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன், ஆறு இருந்தால் அதையும் தருவேன். செயலியின் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரி நாலைந்து வந்துவிட்டன, பார்த்தவரை எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான்.

மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர், அவருடைய அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இங்கே ஃப்ரீமான்ட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய், "இங்கேயும் தங்கம் எடுத்தாங்களாமே, அது எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் 15 டாலர் கட்டி ஒரு மாதச் சந்தா எடுத்தேன். ஊர்ப் பெயர்களைப் போட்டால் போதும், எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம், எங்கே சாப்பாடு என்று எல்லாவற்றையும் தானே கணக்குப் போட்டுத் தருமாம்.

போட்டுத் தந்தது. மரிபோசாவில் ஆரம்பித்து நெவாடா சிட்டி வரை, ஒன்பது ஊர், ஒரே நாள்!

வரைபடத்தில் பார்த்தால் இருநூறு மைலுக்குள்தான் வரும், அதனால் எனக்கும் உறைக்கவில்லை. ஆனால் இது வேகமாகப் போவதற்குப் போட்ட சாலை இல்லை. 1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில் ஜான் சட்டர் என்பவருடைய மர ஆலைக் கால்வாயில், அந்த ஆலையைக் கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் கண்ணில் தங்கத் துணுக்கு பட்டது, அடுத்த வருடமே உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள், அந்த 1849-இல் வந்தவர்களின் நினைவாகத்தான் சாலைக்கே 49 என்று எண். அவர்கள் கூடாரம் போட்ட ஓடைகளையும் பள்ளத்தாக்குகளையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகிற சாலை வளையாமல் எப்படி இருக்கும்? மரிபோசா தாண்டி பேக்பி என்ற இடத்தில் மெர்சிட் ஆற்றுக்கு இறங்கி, மறுபடி கூல்டர்வில்லுக்கு ஏறுகிற அந்தத் துண்டு இருக்கிறதே, கொல்லிமலை ஏறினவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. பின் சீட்டில் இருந்த மகள் ஆற்றுப் பாலம் வருவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். சிக்னல் அதற்கும் முன்பே போய்விட்டது, கூடவே திட்டமும் போய்விட்டது. சிக்னல் இல்லாத இடத்தில் திட்டத்தைப் பார்க்க இன்னும் பெரிய சந்தா எடுக்க வேண்டுமாம், அதைச் சொல்வதற்கும் அதற்கு சிக்னல் வேண்டியிருந்தது.

பே ஏரியாவிலிருந்து (சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரம்) கிளம்புகிறவர்கள் மரிபோசாவை விட்டுவிட்டு ஓக்டேல் வழியாக 120-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து நேராக ஜேம்ஸ்டவுன் பக்கம் வந்துவிடலாம். வழியில் சைனீஸ் கேம்ப் வரும். ஒரு காலத்தில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்த ஊர், 2025 செப்டம்பர் காட்டுத்தீயில் நிறைய எரிந்துவிட்டது. 1850-இல் வெளிநாட்டுச் சுரங்கக்காரர்களுக்கு மாதம் 20 டாலர் வரி என்று சட்டம் போட்டார்கள், அந்தக் காலத்தில் அது சாமானியத் தொகை இல்லை. அதனால் மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர்கள் உண்டாக்கிய சொனோரா என்ற ஊரிலிருந்தே மெக்சிகோக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். விசா வரிசையில் நின்று பழகிய நமக்கு இதெல்லாம் கொஞ்சம் நெருக்கமாகவே படும்.

செயலி கொலம்பியாவுக்கு ஒதுக்கியது 40 நிமிடம். நாங்கள் இருந்தது நாலரை மணி நேரம். இது மாநிலப் பூங்காவாக 1945-லிருந்து பாதுகாக்கப்படுகிற முழு ஊர், பிரதான வீதியில் கார் கிடையாது, குதிரை வண்டிதான். 1850-களில் இரண்டு முறை தீப்பிடித்து எரிந்ததால் அப்புறம் கட்டியதெல்லாம் செங்கல், கதவும் ஜன்னலும் கனமான இரும்பு. கதவைத் தட்டிப் பார்த்தேன், நம் பழைய அடகுக்கடை இரும்புப் பெட்டியின் சத்தம்.

அங்கே காசு கட்டினால் சட்டியில் மண்ணைப் போட்டுத் தங்கம் அரிக்க விடுகிறார்கள். எனக்கு வரவில்லை, மகளுக்கும் வரவில்லை, சுற்றுகிற சுற்றில் மண்ணோடு தங்கத்தையும் சேர்த்துத் தொட்டியில் கொட்டிவிட்டோம். மனைவி சட்டியை வாங்கி, தண்ணீரில் பாதி முக்கி, முன்பக்கம் லேசாகச் சாய்த்து ஒரு ஆட்டு, ஒரு வழிப்பு. அவ்வளவுதான். மேல் மண் போய், அதற்கடியில் கருமணல் தங்கி, அதன் ஓரத்தில் மிளகாய் விதையில் பாதிகூட இல்லாத மூன்று மஞ்சள் பொட்டு. "அரிசியில கல்லு அரிக்கிற மாதிரிதானே" என்றாள். யோசித்தால் அதேதான், அரிசி தண்ணீரோடு போகும், கனமான கல் அடியில் நிற்கும். கல் இல்லாத அரிசியைப் பையில் வாங்குகிற தலைமுறைக்கு இது வராது. அந்த மூன்று பொட்டும் இப்போது சின்னக் கண்ணாடிக் குப்பியில் பூஜை அலமாரியில் இருக்கின்றன.

அன்றைக்கு ஏஞ்சல்ஸ் கேம்ப்போடு சரி, அறை போட்டுப் படுத்துவிட்டோம். மே மாதத்தில் தவளை தாண்டும் போட்டி நடத்துகிற ஊர், ஜெயித்த தவளைகளின் பெயரை நடைபாதையில் பதித்து வைத்திருக்கிறார்கள். மகளுக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்தது அதுதான்.

மறுநாள் ஜாக்சன். கென்னடி சுரங்க வளாகத்தை எல்லா நாளும் சுற்றிக் காட்ட மாட்டார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், செயலி விசாரிக்கவில்லை. ஆனால் பக்கத்துப் பூங்காவில் இருக்கும் ராட்சத மரச் சக்கரங்களைப் பார்க்க யாரையும் கேட்க வேண்டாம். ஒவ்வொன்றும் 58 அடி விட்டம். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் கழிவு மண்ணை வாளி வாளியாக மேலே தூக்கி, குன்றுகளைத் தாண்டி ஒரு அணைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கக் கட்டியது. கீழே ஆற்றில் விட்டால் விவசாயிகள் சும்மா விட மாட்டார்கள் என்ற நிலைமை அதற்குள் வந்திருந்தது. மாமா வெகு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "எங்க ஊர்ல இந்த மண்ணத்தான் மலை மலையா கொட்டி வச்சிருக்கான், சயனைடு மலைன்னு சொல்வோம், காத்தடிச்சா வீடெல்லாம் வெள்ளை" என்றார். செயலியின் பட்டியலில் இந்தச் சக்கரங்களே இல்லை.

பிளேசர்வில்லில் காபி மட்டும். கொலோமாவில் மார்ஷலின் சிலை குன்றின் மேல் நின்று தங்கம் கிடைத்த இடத்தை நோக்கிக் கை நீட்டுகிறது. கண்டெடுத்த மனுஷர் கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் 1885-இல் செத்தார், சிலை வைத்தது 1890-இல். எங்கேயும் இதே கதைதான் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் கிராஸ் வேலி, எம்பயர் சுரங்கம். 1850-லிருந்து 1956 வரை ஓடி 58 லட்சம் அவுன்ஸ் தங்கம் கொடுத்தது, பூமிக்கடியில் 367 மைல் பாதை. இவ்வளவையும் சிறு அளவில் வடித்த மாதிரி ஒன்று ஓர் அறையில் இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் வருடக்கணக்கில் ரகசியமாக வைத்திருந்தது. பிரதான சுரங்க வாயிலில் சில படி இறங்கி எட்டிப் பார்க்கலாம், தண்டவாளம் சாய்வாக இருட்டுக்குள் போகிறது, அதற்குக் கீழே தண்ணீர். "இது சாய்ஞ்சு போகுது. எங்கப்பா கூண்டுல நேரா இறங்குவார்" என்று மட்டும் சொன்னார் மாமா. கிராஸ் வேலியில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் கார்ன்வால்காரர்கள். கோலாருக்கு, அங்கே சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி கொண்டுவந்ததும் அதே கார்ன்வால்காரர்களைத்தான். ஊருக்குள் இன்னும் அவர்களுடைய பேஸ்டி கிடைக்கிறது, மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் மடித்துச் சுட்டது, காய்கறி வைத்ததும் உண்டு. மாமா ஒரு கடி கடித்துவிட்டு, "நம்ம பேக்கரி பஃப்ஸுதான், மசாலா போட மறந்துட்டான்" என்றார். இரண்டு சாப்பிட்டார்.

கடைசியாக மலகாஃப். தண்ணீரைப் பீச்சியடித்தே மலையைக் கரைத்த இடம், அந்தச் சேறு சமவெளி வயல்களில் போய் நிறைந்து வழக்காகி, 1884-இல் நீதிபதி சாயர் தடை போட்டார். செயலி குறுக்கு வழி என்று நெவாடா சிட்டியிலிருந்து நார்த் புளூம்ஃபீல்ட் சாலையில் விட்டது. கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து செங்குத்தான மண் பாதை. திரும்பி வந்து, 49-இலேயே மேலே போய் டைலர்-ஃபூட் சாலை வழியாகப் போனோம், உங்களுக்கும் அதுதான் நல்லது.

பெட்ரோலைப் பெரிய ஊர்களிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் இல்லாவிட்டால் தெற்குப் பாதி, வடக்குப் பாதி என்று ஏதாவது ஒன்றை எடுங்கள். எங்களுக்கு இரண்டாம் நாளிலிருந்து பெரும்பாலும் வழி காட்டியது சுற்றுலாத் தகவல் மையத்தில் இலவசமாகக் கொடுத்த மடிப்பு வரைபடம்.

ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே போட முடியாது என்பதால் ஒன்று. அந்த அரை எதற்கென்றால், வழி நெடுகப் பொதுக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் ஒரு இடத்தில்கூடத் தப்பாகச் சொல்லவில்லை, 71 வயது மாமனாரோடு போகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.