ரேம் மாற்றம்: டிடிஆர்4 போதுமா, டிடிஆர்5-க்குப் போகலாமா?

போன மாதம் அக்கா மகனோடு கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் இருக்கும் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போனேன். அவன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். கணினியில் ரைசன் 5 5600 பிராசஸர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம். டிடிஆர்5 அதற்கு அடுத்த தலைமுறை ரேம். "மாமா, ரேமை மட்டும் டிடிஆர்5-ஆக மாத்திடலாமா?" என்று கேட்டான்.

முடியாது. இரண்டு ரேமிலும் 288 பின்கள்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கிறது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிப்பும் டிடிஆர்4-க்கு மதர்போர்டில் இருக்கும், டிடிஆர்5-க்கு ரேமிலேயே இருக்கும். அவனுடைய பிராசஸரும் டிடிஆர்4-ஐ மட்டுமே ஏற்கும். அதனால் அவனுக்கு டிடிஆர்5 என்றால் போர்டு, பிராசஸர் எல்லாமே புதுசு வாங்க வேண்டும். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைக்காரர்களுக்குக் கொஞ்சம் வசதி. அந்த பிராசஸர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும், போர்டும் ரேமும் மாற்றினால் போதும்.

சரி, வேகம்? ரேமின் பெயரில் 3200 என்பது வேகம், சிஎல் என்பது பதில் தர அது காத்திருக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை. டிடிஆர்4 3200 சிஎல்16 ரேமின் தாமதம் 10 நானோ நொடி. டிடிஆர்5 4800 சிஎல்40 வாங்கினால் அது 16-ஐத் தாண்டுகிறது! 6000 சிஎல்30 வாங்கினால்தான் திரும்ப 10-க்கு வரும். டிடிஆர்5-இல் உண்மையில் கூடுவது ஒரு நொடியில் கடத்தும் அளவு: ஒரு ரேமுக்கு 25.6 ஜிபி இருந்தது, 6000-இல் 48 ஜிபி ஆகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு இது பெரிய விஷயம், பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கென்று சொந்த மெமரி கிடையாதே.

ஆனால் அவன் பிரச்சினை வேறு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், 4கே கோப்புகளை ஏற்றியதும் 16 ஜிபியும் நிரம்பி, மிச்சம் எஸ்எஸ்டிக்குப் போகிறது. எந்தத் தலைமுறை ரேமோடு ஒப்பிட்டாலும் எஸ்எஸ்டி மிக மெதுவானது. இந்த நிலையில் 16 ஜிபி டிடிஆர்5 போட்டாலும் அதே திணறல்தான். இன்னொரு 16 ஜிபி டிடிஆர்4 சேர்த்தோம், டைம்லைன் இப்போது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதை நான் சொல்லமாட்டேன். ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 கடைசியில் இரண்டு தலைமுறைக்கும் விலை ஏறியது. பழைய டிடிஆர்4 வாங்கினால் தப்பில்லை, பணம் கொடுக்கும் முன் ரேமில் பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டிப் பாருங்கள்.

புதிதாகக் கணினி கட்டுகிறவர்களுக்கு என் பதில் டிடிஆர்5தான். ஏஎம்டியின் புதிய ரைசன் பிராசஸர்களுக்கான ஏஎம்5 போர்டில் வேறு எந்த ரேமும் ஏறாது. இரண்டு 16 ஜிபியாக வாங்குங்கள். நான்கு இடத்தையும் நிரப்பினால் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். அப்புறம், முதல் தடவை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே நிற்கலாம். ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது, பயந்துபோய் சுவிட்சை அணைக்காதீர்கள்.

அக்கா மகனிடம் ஒன்றைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்போர்ட் நேரத்தில் மெமரியில் இடம் இருந்தும் பிராசஸர் மட்டும் 100 சதவீதத்தில் நின்று வேலை தாமதமானால், அன்றைக்குப் புது பிராசஸர், போர்டோடு சேர்த்து டிடிஆர்5 வாங்கிவிடலாம்.