செட்டிநாட்டு வெயிலில் பனிக்கால டயர்: பதினொரு மாதம் ஓட்டிப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

2024 ஐப்பசி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு என் காருக்கு நான்கு பனிக்கால டயர்களை மாட்டினேன். வின்டர் டயர் என்று வெளிநாடுகளில் வழங்கும் இவை, பனி கொட்டும் ஊர்களுக்கென்றே செய்யப்படுபவை. காரைக்குடியில் இருந்துகொண்டு இவற்றை ஏன் வாங்கினேன் என்று கேட்பது நியாயமான கேள்வி. பெருநகரம் ஒன்றில் பழைய இறக்குமதி டயர் விற்கும் கடைக்காரர், "மழைக்கு இதைவிடப் பிடிமானம் உள்ள டயர் கிடையாதுங்க, நல்ல வெளிநாட்டுச் சரக்கு" என்றார். பட்டனை, அதாவது டயரின் மேற்பரப்பில் பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் ரப்பர் கட்டிகளை, தடவிப் பார்த்தேன், ஆழமாக இருந்தது, ரப்பர் மெத்தென்று இருந்தது. நான்கும் சேர்த்து 9,200 ரூபாய் என்றதும், புது டயர் ஒன்றுக்கே ஆறாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும் நிலையில், வாங்கிவிட்டேன். பதினொரு மாதத்தில் 11,000 கிலோமீட்டர் ஓட்டியபின் கழற்றினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

முதலில் இந்த டயர் எதற்காகப் பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் நானே அதை டயரை மாட்டிய பிறகுதான் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாதாரண டயரின் ரப்பர், குளிர் ஏறினால் இறுகும். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது அது சாலையைப் பற்றும் திறனை இழக்கத் தொடங்குகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பனிக்கால டயரில் இயற்கை ரப்பரையும் சிலிக்காவையும் கூடுதலாகச் சேர்த்து, அந்தக் குளிரிலும் இறுகாமல் இளகியே இருக்கும்படி கலவையை அமைக்கிறார்கள். அதன் பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை பனித்தரையைக் கவ்வுவதற்கான விளிம்புகள். அகன்ற பள்ளங்களில் பனி போய் அடைத்துக்கொள்வதும் வேண்டுமென்றே செய்த ஏற்பாடுதான், ஏனெனில் பனியோடு பனி நன்றாக ஒட்டும். 1934ஆம் ஆண்டில் பின்லாந்தில் லாரிகளுக்காகத் தொடங்கிய இந்த வகை, 1936இல் கார்களுக்கும் வந்தது. இன்று இதன் பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கும். பனியில் சோதித்துத் தேறியதற்கான அடையாளம் அதுதான். சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் 'எம் பிளஸ் எஸ்' (M+S) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால், அது தயாரிப்பாளர் தாமாகப் போட்டுக்கொள்ளும் குறி என்றே கொள்ள வேண்டும். நான் வாங்கியவற்றில் மலைக்குறியும் இருந்தது. ஆகவே அந்தக் கடைக்காரர் போலிச் சரக்கைக் கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. உண்மையான சரக்கைத் தவறான ஊருக்குக் கொடுத்தார்.

என் தங்கை மகன் மாண்ட்ரியாலில் இருக்கிறான். டயரின் படத்தை அனுப்பியபோது, "அம்மான், இதைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் ஓட்டப்போகிறீர்களா?" என்று பதறிக் கேட்டான். அவன் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் காரை ஓட்டுவது சட்டப்படி குற்றம். பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் அந்த டயரை மாட்டுபவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் சலுகை தரவேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. அங்கே இரண்டு செட் டயர் வைத்துக்கொண்டு, குளிர் வருமுன் ஒன்றை மாட்டி, வசந்தம் வந்ததும் கழற்றிவிடுகிறார்கள். ஒன்று ஓடும்போது மற்றொன்று ஓய்வில் இருப்பதால் இரண்டும் நீடித்து உழைக்கின்றன, செலவு தோன்றுகிற அளவுக்கு இரட்டிப்பாவதில்லை. பனியுறைந்த சாலையில் பிரேக் அடித்து நிற்பதற்கும் நிற்காமல் போவதற்கும் இடையில் இருப்பது அந்த டயர்தான் என்று அவன் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். அங்கே வாழும் நம் பிள்ளைகள் அதில் ஒரு டாலர்கூட மிச்சம் பிடிக்கக் கூடாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மார்கழி மாதத்து விடியலில், கோலம் போட எழுந்திருக்கும் நேரத்தில்கூட, இங்கே குளிர் அந்த 7 டிகிரியின் பக்கத்தில் வருவதில்லை. ஆக, இந்த டயரின் ரப்பர் எந்தக் குளிருக்காகக் கலக்கப்பட்டதோ அந்தக் குளிரை இங்கே அது ஒரு நாளும் சந்திக்கவில்லை. எஞ்சியது மழை ஒன்றுதான். மழையில் அது எப்படி நடந்துகொண்டது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தொடக்கத்தில் நன்றாகவே இருந்தது. செட்டிநாட்டுச் செம்மண்ணைப் பற்றி ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட வெயிலுக்குப்பின் விழும் முதல் மழையில், சாலையில் படிந்திருந்த புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து குழம்பாகி, செம்பராங்கல் மண்ணும் ஓரத்திலிருந்து வழிந்து வந்து, தார்ச்சாலையே வழவழப்பாகிவிடும். ஊருணிக் கரையை ஒட்டி எங்கள் பழைய வீட்டுக்குப் போகும் மண்பாதையில் அந்த ஐப்பசியில் மூன்று முறை போய்வந்தேன். முந்தைய ஆண்டு தேய்ந்த டயரோடு சக்கரம் சுழன்று நின்ற அதே இடத்தில், இந்த டயர் திணறாமல் ஏறியது. தேங்கிய நீரிலும் ஆழமான பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளியதால் ஸ்டியரிங் கையில் நின்றது.

ஆனால் அந்தப் பெருமை முழுவதும் பனிக்கால டயருக்குரியதன்று என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். நீர் தேங்கிய சாலையில் கார் மிதந்து வழுக்காமல் இருப்பதற்குப் பட்டனின் ஆழம், காற்றின் அளவு, வண்டியின் வேகம் ஆகிய மூன்றும்தான் முதன்மையான காரணங்கள். என் பழைய டயர் 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது. வாங்கிய டயரில் 7 மில்லிமீட்டர் இருந்தது. அதே ஆழமுள்ள சாதாரணப் புது டயரும் இதைச் செய்திருக்கும், இப்போது மாட்டியிருக்கும் டயர் சென்ற மழைக்காலத்தில் அதைச் செய்தும் காட்டிவிட்டது.

இதில் ஒரு பிசகும் நடந்தது. இந்த டயரின் பட்டன் அம்புபோல் ஒரே திசையில் அமைந்தது. பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும். மாட்டிக் கொடுத்த இடத்தில் வலப்புறத்துப் பின்சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். அலைன்மென்ட் பார்க்கும் தம்பி, "அண்ணே, இது தண்ணியை வெளிய தள்ளாது, உள்ள இழுக்கும்" என்று காட்டியபோதுதான் தெரிந்தது. ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டி, மறுபடி பேலன்சிங் பார்க்க வேண்டியதாயிற்று. இத்தகைய டயருக்கு ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும் என்பதையும் வாங்குபவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

தை பிறந்து மாசி கழிந்ததும் இந்த டயரின் உண்மை முகம் தெரிந்தது. வெயில் ஏற ஏற, குளிருக்கென்று இளக்கிய ரப்பர் இன்னும் இளகியது. பங்குனியில் நேர்சாலையில் எழுபதைத் தாண்டினாலே கார் களிமண்ணில் ஊன்றிய கழிபோல் லேசாக ஆடியது. ஸ்டியரிங்கைத் திருப்பினால், அந்த மெல்லிய வெட்டுகளால் பிளந்திருந்த பட்டன்கள் முதலில் வளைந்து, அதன் பிறகே வண்டி திரும்பியது. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வீட்டார் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போன நாளில் வளைவுகளில் அந்தத் தாமதம் இன்னும் கூடியது, பின்னால் அமர்ந்திருந்த எங்கள் ஆத்தா, "வண்டி ஏன்டா ஊஞ்சல் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். இரைச்சலும் அதிகம். சித்திரை வெயிலில் நண்பகல் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது, வண்டி நின்றபின் டயரைத் தொட்டால் கை சுட்டது.

நான் அச்சப்பட்டது அக்னி நட்சத்திர நாட்களில் ஒன்றில். திருமயத்திலிருந்து திரும்பும்போது, கானாடுகாத்தான் விலக்கை நெருங்குகையில், ஆட்டு மந்தையொன்று சாலையின் குறுக்கே இறங்கியது. காய்ந்த சாலை, பட்ட பகல், வேகம் எழுபதுக்குள். பிரேக்கை முழுதாக மிதித்தேன். பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அதிர்ந்தது, முன்பக்கம் தாழ்ந்தது, ஆனால் இத்தனை ஆண்டுகளாக என் காலுக்குப் பழகிய தூரத்தில் வண்டி நிற்கவில்லை. கடைசி ஆட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. காய்ந்த சூடான சாலையில் பனிக்கால டயர் சாதாரண டயரைவிடக் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும் என்பது டயர் சோதனைகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் முடிவு. எனக்கு அது அந்த ஆடுகளின் முன்னால்தான் புரிந்தது. நம் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்த சாலையில்தான் ஓட்டுகிறோம். மழைக்காக என்று எண்ணி மாட்டும் டயர், மழையில்லாத அத்தனை நாளும் பிரேக்கைப் பலவீனமாக்குமானால் அது பாதுகாப்பு ஆகாது.

தேய்மானத்தைப் பார்க்கலாம். 7 மில்லிமீட்டரில் தொடங்கிய முன்சக்கரங்கள் 11,000 கிலோமீட்டரில் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டன. பின்சக்கரங்களில் 4 எஞ்சியிருந்தது. பனிநாடுகளிலேயே 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன பனிக்கால டயரால் பயனில்லை என்று அறிவுறுத்துகிறார்கள். 9,200 ரூபாயை ஓடிய தூரத்துக்குப் பிரித்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 836 ரூபாய் ஆகிறது. இப்போதைய புது டயர்கள் நான்கும் 23,600 ரூபாய். என் ஓட்டத்தில் முந்தைய செட் கொடுத்த 45,000 கிலோமீட்டரை இவையும் கொடுத்தால் ஆயிரத்துக்கு 524 ரூபாய்தான். மலிவு என்று நான் வாங்கியது அதிக விலைக்கு வாங்கியதாக முடிந்தது, அதுவும் தேவையில்லாத பிரேக் தூரத்தோடு.

இன்னொன்றையும் நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் கார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாக வேண்டும். இவற்றில் அது இல்லை. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்க்கவில்லை. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. என் டயர்களில் 4120 என்றிருந்தது, அதாவது 2020ஆம் ஆண்டின் 41ஆம் வாரம். நான் கைக்காசு கொடுத்தபோதே அவற்றுக்கு நான்கு வயது. அந்த நான்கு ஆண்டில் எந்தச் சாலையில், எவ்வளவு காற்றில், எத்தனை பள்ளங்களில் விழுந்து எழுந்தன என்று சொல்ல ஆளில்லை.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி டயருக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அந்த வாரமே காரைக்குடியில் 185/65 ஆர் 15 அளவில், உள்நாட்டுத் தயாரிப்பான நான்கு புது டயர்களை மாட்டினேன். 88 எச் என்ற குறி உள்ளவை. ஒரு டயர் 560 கிலோ எடையையும் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும் என்பது அதன் பொருள். வேகம் நமக்குத் தேவையில்லை, ஆனால் வண்டிக் கையேட்டில் உள்ள குறிக்குக் கீழே இறங்கி வாங்கக் கூடாது. சுற்றுவாக்கில் மூன்று அகன்ற நேர்ப்பள்ளங்கள் உள்ள பட்டனைக் கேட்டு வாங்கினேன். அந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் மதுரைச் சாலையிலும் தேவகோட்டைச் சாலையிலும் ஓட்டியதில், ஈரச் சாலையில் பனிக்கால டயர் தந்த பிடிமானத்தில் எதையும் நான் இழக்கவில்லை. சேறான மண்பாதையில் மட்டும் அது சற்று மேலாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். காய்ந்த சாலையில் வண்டி மறுபடி என் வண்டியாகிவிட்டது.

சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்ட அனுமதிக்கிறது. பள்ளத்தின் அடியில் உள்ள சிறு மேடு பட்டனோடு சமமாகிவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று பொருள். என் கருத்தில் நம் மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்த டயரை வைத்துக்கொண்டு ஐப்பசிக்குள் நுழையாதீர்கள், புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள். காற்றை வண்டி ஓடாத காலை வேளையில், கதவோரத் தாளில் எழுதியுள்ள அளவுக்கு அடியுங்கள். வெயில் காலம் என்று மூன்று நான்கு பவுண்டு குறைத்து அடிக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. காற்று குறைந்த டயர்தான் அதிகம் வளைந்து அதிகம் சூடாகிறது, அதனால் அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும். லடாக்குக்கோ காஷ்மீருக்கோ குளிர்காலத்தில் சொந்தக் காரில் போக நினைப்பவர்கள்கூட இங்கிருந்தே பனிக்கால டயரில் கிளம்ப வேண்டியதில்லை. அந்த நெடுவழி முழுவதும் அதைத் தேய்த்துக்கொண்டு போவதைவிட, அங்கே சக்கரத்தில் பூட்டும் சங்கிலியை வாங்கிக்கொள்வதும், பனிப் பகுதிக்கு மட்டும் உள்ளூர் வண்டியை அமர்த்திக்கொள்வதும் மேல்.

கழற்றிய நான்கு டயர்களுக்கு, தலா 500 ரூபாய் தருவதாக ஒருவர் வந்தார். இன்னும் பட்டன் இருப்பதால் வேறு யாருக்காவது மாட்டிவிடலாம் என்றார். நான் கொடுக்கவில்லை. பஞ்சர் கடைத் தம்பியிடம் சொல்லி, பக்கச் சுவரை நான்கிலும் குறுக்கே அறுக்கச் செய்து, அதன் பிறகே பழைய ரப்பர் எடுப்பவரிடம் போட்டேன்.