பரிசா, வாசிப்பா, ஒத்திகைக் கூலியா?

சேலத்தில் நாடகம் எழுதுகிறவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று யார் கிளம்பினாலும், முதலில் கையில் எடுப்பது போட்டியைத்தான். நோட்டீஸ் அடித்து, பிரதிகளை வரவழைத்து, மூன்று நடுவர்களைப் போட்டு, கடைசியில் ஒரு சால்வை. அதே பணத்தில், பிரதியை ஆட்களை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கும் வாசிப்பரங்கும் நடத்தலாம். எழுதுகிறவரை ஒரு குழுவோடு சில வாரம் உட்காரவும் வைக்கலாம். இந்த மூன்றில் எது ஒரு பிரதியை மேடைவரை கொண்டுபோகும் என்பதுதான் என் கேள்வி.

போட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஆத்தூரிலோ வாழப்பாடியிலோ யாரையும் தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறவர் வெளியே வருவார். கடைசித் தேதி என்று ஒன்று இருப்பதால் பாதியில் நிற்கும் பிரதியும் முடியும். ஆனால் படிக்க நன்றாக இருப்பதே பெரும்பாலும் பரிசு வாங்கும், பரிசு வாங்கியதைப் போட்டாக வேண்டிய கடமை எந்தக் குழுவுக்கும் கிடையாது. சென்னையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவிலும் போட்டி உண்டு. அங்கே குழுக்கள் புது நாடகத்தை மேடையிலேயே போட்டுக் காட்டுகின்றன, அதனால் பிரதி பீரோவில் தூங்குவதில்லை. அந்த மேடைக்குப் போகவும் முதலில் குழு வேண்டும் என்பதுதான் நம்மூர்க்காரரின் சிக்கல்.

வாசிப்பரங்குதான் இருப்பதிலேயே மலிவு. கல்லூரி வகுப்பறை, எட்டு நாற்காலி, டீ, ஜெராக்ஸ். எழுதியவர் வாயால் படித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நடிகர் படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒரு வாசிப்பில் நடிகர் பாதி வசனத்தில் நிறுத்தி, “சார், இதுல மூச்சு எங்க வுடறது?” என்று கேட்டார். ஆறு வரிக்கு ஒரே வாக்கியம். எழுதியவர் அங்கேயே பேனாவை எடுத்து நாலு வரியை அடித்தார். எந்த நடுவர் குறிப்பிலும் இது வராது. ஆனால் கேட்க வருகிறவர்கள் எல்லாம் எழுத்தாளர்களாகவே இருந்தால் அது இலக்கியக் கூட்டமாகிவிடும். கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரைக் கூப்பிடுகிறவர்கள் காலை பத்து மணிக்கு வைக்காமல் இருந்தால் புண்ணியம். விடிய விடிய ஆடிவிட்டு வந்தவர் அப்போதுதான் பாயைப் போட்டிருப்பார்.

மூன்றாவதுக்குத்தான், அதாவது எழுதுகிறவரைக் குழுவோடு உட்காரவைப்பதற்குத்தான் என் ஓட்டு. காரணம் நம் நாடக மரபிலேயே இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (நாயக வேஷக்காரர்) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (நாயகி வேஷக்காரர்) வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பு. எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதால் ஒத்திகையே தேவைப்படாது. நம் பக்கத்துத் தெருக்கூத்திலும் அபிமன்னன் சண்டையோ கர்ண மோட்சமோ, கதை ஆடுகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். புதுப் பிரதி என்றால் பாடம் பண்ண வேண்டும், பல நாள் ஒத்திகை வேண்டும். ஒத்திகைக்கு வருகிற நாளெல்லாம் தறிக்கூலியோ காட்டுக்கூலியோ போச்சு. புது நாடகத்தைக் குழுக்கள் தொடாததற்குச் சோம்பலோ ரசனைக் குறைவோ காரணமில்லை. அந்தக் கூலியை யார் தருவது என்பதுதான் விஷயம்.

ஆகவே பரிசுப் பணத்தை ஒத்திகைக் கூலியாக மாற்றிக் கொடுங்கள் என்கிறேன். இங்கே கூத்துக்குத் தை முதல் ஆடி வரை சீசன். மழை மாதங்களில் ஆட்டம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் உட்கார்ந்தால் குழுவுக்கும் நஷ்டமில்லை. எழுதுகிறவர் முடிந்த பிரதியோடு போகாமல் ஒரு காட்சியும் கதைச்சுருக்கமுமாகப் போவது நல்லது. “இந்தப் பேச்சைப் பாட்டுல வெச்சிரலாங்க” என்று வாத்தியார் சொன்னால் மாற்ற இடமிருக்கும்.

இது சேலத்துக்குப் புதிதும் இல்லை. ஏற்காடு சாலையில் இன்று வளைவு மட்டும் மிஞ்சியிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ, எழுத்தாளர்களைச் சேலத்துக்கே வரவழைத்து உட்காரவைத்த இடம். கலைஞரின் ‘மந்திரி குமாரி’ நாடகம் 1950-ல் அங்கேதான் படமாயிற்று. இன்றைக்கு மேட்டூர் வட்டம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ சிற்றிதழையும் கொண்டுவருகிறார், ‘களரி’ என்று கூத்துப் பயிற்சியும் நடத்துகிறார். எழுத்தும் ஆட்டமும் ஒரே திண்ணையில் உட்கார முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேடிப் போக வேண்டியதில்லை.

இதிலும் வில்லங்கம் உண்டு. போட்டியில் இருபது பேருக்கு வாசல் திறக்கும் என்றால் இதில் ஒருவர் இருவருக்குத்தான். யாரை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க வாசிப்பரங்கு தேவைப்படும். பணம் கொஞ்சம்தான் என்றால் போட்டியை விட்டுவிட்டு இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். தமிழ்நாடு அரசின் இயல் இசை நாடக மன்றம் புது நாடகத் தயாரிப்புக்குத் தரும் நிதியுதவிக்கும் குழுவோடு போனால்தான் மதிப்பு. ஏற்காடு கோடை விழா மேடையை முதல் அரங்கேற்றத்துக்கு நம்ப வேண்டாம். மலர்க்காட்சி பார்த்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டம் அது, அரை மணி நேரச் சிரிப்பு நாடகம் எடுபடும்.

ஒத்திகை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நாடகப் பிரதியின் உரிமை, எழுதியவர் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. வாத்தியார் கட்டிய பாட்டு யாருடையது, வேறு செட்டு (கூத்துக் குழு) அதே நாடகத்தை ஆடினால் யாருக்கு எவ்வளவு என்பதை டீக்கடையிலேயே பேசி முடித்துவிட்டு உள்ளே போவது உத்தமம்.