வெடிக்கடைக் காசு எந்தப் பெட்டிக்குள் போகிறது?

தீபாவளிக்கு இரண்டு கிழமைக்கு முன்பே வன்னியில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். சந்தையோரம் வெடிக்கடை போட விட்டால் பிரதேச சபைக்கு நாலு காசு வருமே என்பார் ஒருவர். மறிக்க வேண்டும் என்பார் மற்றவர். கணக்கை மட்டும் ஒருவரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

சபைக்கு மூன்று வழி இருக்கிறது. வழமையான கடைகளே விற்கட்டும் என்று விடலாம், சபைக் காணியில் தற்காலிகக் கடைகளைக் கேள்விக்கு (ஏலம்போல, கூடிய வாடகை கேட்பவருக்கு) விடலாம், இல்லை ஒரேயடியாக மறிக்கலாம்.

முதலாவது வழியில் சபைக்குப் புதிதாக எதுவும் வராது. வெடி விற்கும் அனுமதி 1956ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டத்தின் கீழ் வருவது. அதற்குப் போகவேண்டிய இடம் மாவட்டச் செயலகம். பெறுமதி சேர் வரி 18 வீதமும் திறைசேரிக்கு. சபைக்கென்று இருப்பது வியாபார உரிமக் கட்டணம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின்படி சபைகள் போட்டுவந்த வர்த்தமானி அறிவித்தல்களில் அதன் உச்சம் ஆண்டுக்கு 1,000 ரூபா. அதையும் அந்தக் கடைக்காரர் பருப்புக்கும் சீனிக்கும் சேர்த்து ஏற்கெனவே கட்டிவிட்டார். விடியத் தெருவில் கிடக்கும் கடதாசிக் குப்பை மட்டும் சபைக்கு.

சரி, கேள்விக்கு விட்டால்? ஒரு பேச்சுக்குப் பத்துக் கடை, கடைக்கு 3,000 ரூபா என்று வைப்போம். 30,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்குள் உழவு இயந்திர டீசல், குப்பை அள்ளும் தொழிலாளரின் மேலதிக நேரக் கொடுப்பனவு, மின் இணைப்பு எல்லாம் கழியும். ஒருவரும் எழுதாத செலவு இன்னொன்று இருக்கிறது: தண்ணீர்ப் பவுசர். வெடிக்கடை வரிசைக்குப் பக்கத்தில் அது இரவு முழுக்க நின்றே ஆகவேண்டும். வாடகைக்குப் போய்ச் சபைக்கு உழைக்கும் வண்டி அன்று சும்மா நிற்கும். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்ததை மறந்தவர்கள்தான் இந்தச் செலவை வீண் என்பார்கள். அது வெடியால் பிடித்த தீ என்று நான் சொல்லவில்லை. தீயணைப்பு வசதி பக்கத்தில் இல்லாத ஊரில் ஒரு கடை பற்றினால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் மழை. தீபாவளி வருவதே வடகீழ்ப் பருவமழை தொடங்கும் நேரத்தில். ஒரு தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம், தறப்பாளுக்குக் கீழே நனைந்த மத்தாப்புப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெடியன்களைப் பார்த்தேன். கட்டிய காசில் பாதியையாவது திருப்பித் தரச்சொல்லி அடுத்த கிழமை சபைக்குப் போனார்கள். சனத்தின் கையிலும் அப்போது காசு இராது, காலபோக விதைப்புக்கே எல்லாம் போயிருக்கும். சித்திரை வருடப்பிறப்பு அப்படியில்லை. நெல் விற்ற காசு கொஞ்சம் புழங்கும், நிலம் காய்ந்திருக்கும். ஆனால் காய்ந்த புல்லும் ஓலைக் கூரையும் அப்போதுதான் இருக்கும், பவுசரை அனுப்பிவிட முடியாது.

மறிப்பதற்குச் செலவில்லை என்று நினைப்பது பிழை. கிளிநொச்சியில் மறித்தால் யாழ்ப்பாணத்தில் வாங்கி வருவார்கள், இல்லையேல் வவுனியாவில். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலம் தனியாருக்கு வெடி விற்பதை முழுதாகத் தடுத்திருக்கிறது; அங்குள்ளவர்கள் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயருக்குக் காரில் போய் வாங்குகிறார்கள். விற்ற லாபம் ஒரு மாநிலத்துக்கு, குப்பையும் காயமும் மற்றதற்கு. அதோடு, வன்னியில் விற்பனையை நிறுத்தினாலும் இரவு அமைதியாகிவிடாது. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் வயல் காவலில் யானை விரட்டும் வெடி கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த வெடியை வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கிறது, அது வேறு கணக்கு. 2009ஐக் கடந்து வந்த சிலருக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் இன்றும் உடம்பு பதறும். மறிக்கச் சொல்பவர்களின் நியாயம் அங்கே இருக்கிறது. பாதீட்டில் அதற்கு ஒரு நிரல் கிடையாது.

அமெரிக்காவிலேயே வேறு சில மாநிலங்கள் விற்கவிட்டு, வெடிக்கென்றே தனியாக அறவிடுகின்றன. மிச்சிகனில் 6 வீதம், அது தீயணைப்பாளர் பயிற்சிக்குப் போகிறது. பென்சில்வேனியாவில் 2017இலிருந்து 12 வீதம், வழமையான விற்பனை வரிக்கு மேலாக. செலவு எங்கே விழுகிறதோ அங்கே காசும் போகட்டும் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வெடி விற்பனையில் இத்தனை வீதம் என்று எடுக்க நம் பிரதேச சபைக்கு வழியில்லை. உரிமக் கட்டணத்தை விட்டால், அதன் கையில் இருப்பது காணி வாடகை ஒன்றுதான்.

ஆகவே என்னைக் கேட்டால், தீபாவளிக்குச் சபை கடை போடவே வேண்டாம். சித்திரைக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், குடிமனைக்கும் வைத்தியசாலைக்கும் தள்ளி. பவுசர் வாடகையையும் துப்புரவுச் செலவையும் முதலே கூட்டி, அதற்குக் கீழே வரும் கேள்வியை ஏற்கக்கூடாது. குப்பை அள்ளிய பிறகு திருப்பித் தரும் வைப்புப்பணம் வேறாக. இந்த விலைக்கு ஒருவரும் வராவிட்டால், பவுசரை வழக்கம்போல வாடகைக்கு விடலாம்.