விஷி நகரில் இரண்டு மணி நேரம்: ஒரு வரலாற்று நடைச் சுற்றுலா

பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் விஷி, மருத்துவக் குணமுள்ள ஊற்றுநீருக்கும் எண்கோண வடிவ மிட்டாய்க்கும் பேர்போன ஊர். ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றபின், 1940 முதல் 1944 வரை, ஹிட்லருடன் ஒத்துழைத்த மார்ஷல் ஃபிலிப் பெதானின் பிரெஞ்சு அரசு இங்கிருந்து நடந்ததால், ஊர்ப் பெயரே இழிபெயராகிவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு அது இன்றும் ஆறாத வருத்தம். அந்த நான்கு ஆண்டுகளை மட்டும் விளக்கும் நடைச் சுற்றுலா ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன்.

வழிகாட்டியின் தயாரிப்பில் குறை சொல்ல இடமில்லை. தோல்வியுற்ற அரசு இந்தச் சிற்றூரை ஏன் தேர்ந்தெடுத்தது என்பதற்கு, அமைச்சகங்கள் அனைத்தையும் கொள்ளுமளவு விடுதி அறைகளும் நல்ல தொலைபேசி இணைப்பும் இங்கே இருந்தன என்ற எளிய காரணத்தை அவர் ஊற்றுப் பூங்காவில் நின்றபடியே விளக்கியபோது, சுற்றியிருந்த கட்டடங்கள் வேறு விதமாகத் தெரியத் தொடங்கின. பெதான் தங்கியிருந்த பார்க் விடுதி இப்போது குடியிருப்பு. மூன்றாம் மாடியில் இருந்த அவருடைய அறைகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். 1942 ஆகஸ்ட் 26 அன்று அவருடைய ஆட்சி 6,500க்கும் மேற்பட்ட வெளிநாட்டு யூதர்களைப் பிடிக்கச் செய்ததை நினைவூட்டும் கல் அங்கே இருக்கிறது. அதன் முன் குழுவில் எவரும் பேசவில்லை.

சுற்றுலாவின் சிறந்த பகுதி ஆப்பரா அரங்கு. 1940 ஜூலை 10 அன்று இங்கு கூடிய நாடாளுமன்றம் முழு அதிகாரத்தையும் பெதானிடம் ஒப்படைத்தது. எதிர்த்து வாக்களித்த 80 பேரைச் சுவர்ப்பலகை போற்றுகிறது. ஆதரித்த 569 பேரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வழிகாட்டி இந்த மௌனத்தைத் தானாகவே சுட்டிக்காட்டியதற்காகவே கொடுத்த கட்டணம் தகும்.

ஆனால் அந்த 569 பேர் ஏன் 84 வயது முதியவர் ஒருவரை நம்பினார்கள் என்ற கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை. விடை முதல் உலகப் போரின் வெர்தன் போர்க்களத்தில் இருக்கிறது: 1916இல் ஜெர்மானியத் தாக்குதல் தொடங்கிய சில நாட்களில் பொறுப்பேற்று, பார்-லெ-துக்கிலிருந்து செல்லும் ஒற்றைச் சாலையில் லாரிகளை இடைவிடாது ஓடச் செய்து, படைப்பிரிவுகளைச் சுழற்சி முறையில் முன்னணிக்கு அனுப்பி, வீரர்களின் உயிரை மதிக்கும் தளபதி என்று பெயர் வாங்கியவர் அவர். அந்தப் பெயர்தான் 1940 அக்டோபரில் மோந்துவார் என்ற பிரெஞ்சு ஊரில் ஹிட்லருடன் கைகுலுக்கியவருக்கும் கேடயமானது. வெர்தனுக்கு இரண்டு வாக்கியங்களே ஒதுக்கிவிட்டு நேராக 1940க்குத் தாவியதால், வீழ்ச்சி தெரிந்தது. விழுந்த உயரம் தெரியவில்லை.

முடிவும் அவசரமாக இருந்தது. தேசத்துரோகத்துக்காக 1945இல் பெதானுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை, அப்போது பிரெஞ்சு அரசுத் தலைவராக இருந்த தெ கோல் ஆயுள் தண்டனையாகக் குறைத்ததும், 1951இல் இயூ தீவில் பெதான் இறந்ததும் நடந்துகொண்டே சொல்லப்பட்டன. வெர்தன் போர்க்களத்திலுள்ள தூவோமோனில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்ற அவருடைய விருப்பம் நிறைவேறாததையும், 1973இல் சவப்பெட்டியைத் தோண்டித் திருடியவர்கள் அங்கே கொண்டுபோகவே முயன்றதையும் நான் கேட்ட பிறகுதான் வழிகாட்டி சொன்னார்.

விளக்கம் பிரெஞ்சில் மட்டுமே, அதுவும் வேகமாக. ஓரளவு மொழி தெரிந்தவர்கள், முதல் உலகப் போரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் நிறைய கிடைக்கும். பெரும்பகுதி திறந்தவெளி என்பதால் குடை அவசியம்.